பெயரில்லா மாத்திரை



கருவுற்ற மகளிரும் பாலூட்டும் தாய்மாரும் மருந்துண்ணும் முறை பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டபோது, இதற்கு ஒரு மருத்துவரையன்றோ அழைக்க வேண்டும் என்று சொன்னேன். மருத்துவர்கள் தனியே பேசவிருக்கிறார்கள் என்றும், ஊரில் நடப்பதை அறிந்த ஆசிரியர் ஒருவர் பேசுவதும் வேண்டியதே என்றும் விடை வந்தது. ஆகவே, நான் மருந்து சொல்ல வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பழகியவன். கேட்க வேண்டிய கேள்விகள் சிலவற்றையே இன்று சொல்ல வந்துள்ளேன்.

நான் வாழ்வது அமராவதி நகரில். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில், அணையை ஒட்டி அமைந்த ஊர் இது. விடுமுறை நாட்களில் அணையையும் முதலைப் பண்ணையையும் காண வருவோர் மிகுதி. அணை நீரைக் கொண்டு நெல்லும் கரும்பும் விளைகின்றன. எனினும் எங்கள் சுற்றுவட்டாரத்து இளம்பெண்களின் கைகள் இன்று வயலில் இல்லை. உடுமலையிலும் பல்லடத்திலும் திருப்பூரிலும் உள்ள நூற்பாலைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் அவர்கள் போகிறார்கள். கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் மெஷினில் அமர்ந்து, சிலர் மேற்பார்வையாளராகவும் உயர்கிறார்கள். அவர்கள் ஈட்டும் பணத்தால் எழுந்த ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் எங்கள் தெருவிலேயே பல உண்டு. அத்தொழிலைக் குறை கூறுவது என் நோக்கமன்று.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற பெண் ஒருத்தி தாய்வீடு வந்திருந்தவள் என்னையும் காண வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. நலம் விசாரித்தபோது, இடுப்பு வலி மிகுதியாக இருந்ததென்றும், கம்பெனியில் கேட்டால் மாத்திரை கொடுப்பார்களென்றும், அதை விழுங்கினால் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிடலாமென்றும் இயல்பாகச் சொன்னாள். "அது என்ன மாத்திரை, அம்மணி?" என்று கேட்டேன். "பேரு தெரியாதுங்கய்யா. வெள்ளையா, சின்னதா, வட்டமா இருக்குமுங்க" என்றாள். மாத்திரையை அட்டையிலிருந்து முன்னமே பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்களாம். ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுப்பார்களாம். கொடுப்பவர் மருத்துவரோ செவிலியரோ அல்லர். வருகைப் பதிவேடு எழுதுபவர்.

மறுநாள் அவளைத் துணை சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். கிராம சுகாதார செவிலியர் அவளிடம் கேட்ட முதற்கேள்வியும் அதுவே: "என்ன மாத்திரை?" வெள்ளை மாத்திரை என்னும் விடையை வைத்துக்கொண்டு எந்தச் செவிலியரும் எந்த மருத்துவரும் ஒன்றும் செய்ய இயலாது. காய்ச்சல் மாத்திரையும் வெள்ளை. இரத்த அழுத்த மாத்திரையும் வெள்ளை. வலிப்புக்கு உண்பதிலும் வெள்ளையுண்டு.

இது எங்கோ ஓரிடத்தில் நடந்த தனிச் செய்தியாக இருந்தால் வானொலியில் சொல்லவேண்டியதில்லை. 2019-ம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் பணிபுரியும் ஏறத்தாழ 100 பெண்களைக் கண்டு பேசினர். மாதவிலக்கு வலிக்காகப் பெயர் ஒட்டப்படாத மாத்திரைகள் வேலை நேரத்தில் தங்களுக்குத் தரப்பட்டன என்று அப்பெண்கள் கூறினர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அதனால் தம் உடல்நலம் கெட்டதாகவும் சொன்னார்கள். மாத்திரைகளைப் பார்த்த மருத்துவர்கள், அவை ஐபுப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகளாகத் தோன்றுகின்றன என்றனர். அப்போது நடப்பில் இருந்த 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒன்று வீதம் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டுமென்றும், அது பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டுமென்றும், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் தகுதியுடைய பணியாளரோடு மருத்துவ அறை இருக்க வேண்டுமென்றும் விதித்திருந்தது. சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. டப்பாவைத் திறந்த கைதான் வேறாக இருந்தது.

அப்பெண்கள் பெற்றது மாதவிலக்கு வலிக்கான மாத்திரை. கருவுற்றவருக்கு அதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தலைவலிக்கும் இடுப்பு வலிக்கும் அதே கை அதே டப்பாவைத் திறக்காது என்று எவர் உறுதி கூற முடியும்? அன்றியும், ஒரு பெண் தான் கருவுற்றிருப்பதை முதல் சில வாரங்களில் தானே அறியாள். அறிந்தாலும், வேலை போய்விடுமோ என்று அஞ்சி மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் இருப்பாள். இன்னும் திருமணமாகி நாலைந்து மாதமே ஆனவளாயின் நாணத்தால் சொல்லமாட்டாள். கருவின் உறுப்புகள் உருவாகும் காலமோ பெரும்பாலும் அந்தச் சொல்லாத வாரங்களே.

இதற்குச் சான்றாக உலகம் மறக்கவொண்ணாத ஒரு வரலாறு உண்டு. எங்கள் அமராவதி அணை கட்டி முடிக்கப்பெற்ற அதே 1957-ம் ஆண்டில், மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. நல்ல தூக்கம் தரும், எவ்விதத் தீங்கும் இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். மருத்துவர் சீட்டின்றியே கடையில் கிடைத்தது. மசக்கையால் துன்புற்ற கர்ப்பிணிகளும் வாங்கி உண்டனர். கருத்தரித்த 20-ஆம் நாள் முதல் 36-ஆம் நாள் வரை உள்ள சிறு இடைவெளியில் உண்ட ஒன்றிரண்டு மாத்திரைகளே போதுமாயிருந்தன. கைகளும் கால்களும் முழுமையாக வளராத குழந்தைகள் பிறந்தன. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்னும் குழந்தை மருத்துவரும் ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் என்னும் மகப்பேற்று மருத்துவரும் தனித்தனியே இதனைக் கண்டு கூறினர். 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர்.

அமெரிக்காவில் அது விற்பனைக்கு வரவில்லை. 1960-ம் ஆண்டில் அந்நாட்டு மருந்துத் துறையில் புதிதாகப் பணியேற்ற பிரான்சிஸ் கெல்சி என்னும் அம்மையாரிடம் அனுமதி விண்ணப்பம் வந்தது. அவர் ஆதாரம் போதாது என்றார். கம்பெனியார் மீண்டும் மீண்டும் வந்து நெருக்கினர். அவரும் மீண்டும் மீண்டும் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார். வகுப்பில் ஓயாது கேள்வி கேட்கும் மாணவியை ஆசிரியர் சிலர் தொல்லையாகக் கருதுவதுண்டு. அவர்கள் கெல்சியின் வரலாற்றை ஒருமுறை படிக்கலாம்.

இவ்வரலாற்றில் பலரும் கவனியாத பகுதி ஒன்றுண்டு. தாலிடோமைடுக்குப் பெயர் இல்லாமலில்லை; பெயர்கள் மிகுதியாக இருந்தன. ஜெர்மனியில் அது கான்டெர்கன், பிரிட்டனில் டிஸ்டாவல், அமெரிக்காவில் விற்க எண்ணிய பெயர் கெவடான். இருமல், சளி மருந்துகளோடு கலந்தும் வேறு வேறு பெயர்களில் விற்றார்கள். ஆகவே தீங்கு வெளிப்பட்ட பின்னரும், தம் வீட்டு அலமாரியில் இருப்பதும் அதுவே என்று அறியாத குடும்பங்கள் இருந்தன. வணிகப் பெயர் வேறு, மருந்தின் பொதுப்பெயர் வேறு என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டியது இதனாலேயே.

நம் ஊர்க் கடையையே பார்ப்போம். குரோசின், டோலோ, கால்பால் என்று மூன்று பெயர் சொல்லிக் கேட்டாலும் உள்ளே இருப்பது பாராசிட்டமால் ஒன்றே. காம்பிஃப்ளாம் என்று கேட்டாலோ பாராசிட்டமாலுடன் ஐபுப்ரோஃபெனும் சேர்ந்து வருகிறது. கருவுற்றவளுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. பாராசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவில், காய்ச்சலுக்கும் வலிக்கும் முதலில் தரப்படுவது. ஐபுப்ரோஃபெனும் அதன் இனத்தைச் சேர்ந்த டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் முதலியனவும் கருவின் பிற்பகுதிக் காலத்தில் ஆபத்தானவை.

எவ்வாறு என்பதை அணைக்கரையில் வாழ்பவனாதலால் என் வழியில் விளக்குகிறேன். தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. ஆகவே நுரையீரலுக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தின் பெரும்பகுதி ஒரு சிறு குழாய் வழியாகத் திரும்பி உடலுக்குப் போகிறது. அது இயற்கை அமைத்த மதகு. குழந்தை பிறந்து முதல் மூச்சு விட்ட பின்னரே அம்மதகு மூட வேண்டும். ஐபுப்ரோஃபென் இனத்து மருந்துகள், 30 வாரங்களுக்குப் பின் உண்டால், அந்த மதகைக் காலத்துக்கு முன்பே மூடச் செய்யக்கூடும். குழந்தையின் இதயம் தத்தளிக்கும். மேலும் அவை குழந்தையின் சிறுநீரகத்தைத் தளர்த்துவதால் பனிக்குட நீர் குறையலாம். ஏனெனில் பாதிக் காலம் கடந்தபின் அந்நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீரே. இதனைக் கருதி, 20 வாரங்களுக்கு மேல் அவற்றை உண்ண வேண்டா என்று அமெரிக்க மருந்துத் துறை 2020 அக்டோபரில் எச்சரித்தது. மருத்துவர் நேரில் ஆராய்ந்து, காரணம் கண்டு கொடுப்பது வேறு. இதே இனத்தைச் சேர்ந்த ஆஸ்பிரினைச் சிறு அளவில், கர்ப்பகால இரத்த அழுத்தத்தைத் தடுக்கவென்று மருத்துவரே கொடுப்பதும் உண்டு. ஐந்து மாதக் கர்ப்பிணியின் கையில் வருகைப் பதிவேட்டுக்காரர் எடுத்துக் கொடுத்த வெள்ளை மாத்திரை என்னைக் கலங்கச் செய்தது எதனால் என்பது இப்போது விளங்கும்.

ஒரே எழுத்தில் விடை கிடைத்தால் எளிதாயிருக்கும் என்று பலரும் எண்ணுவர். அமெரிக்காவில் 1979-ம் ஆண்டு முதல் அவ்வாறே செய்து பார்த்தார்கள். மருந்துகளுக்கு ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று கர்ப்பகால மதிப்பெழுத்து இட்டார்கள். நம் நாட்டு மருத்துவ நூல்களிலும் அது பரவியது. நாளடைவில், அந்த எழுத்து உதவியதைவிடக் குழப்பியதே மிகுதி என்று கண்டு, 2015-ம் ஆண்டில் கைவிடத் தொடங்கினர். எத்தனை மாதக் கரு, எவ்வளவு மருந்து, எத்தனை நாள், உண்ணாவிட்டால் தாய்க்கு என்ன நேரும் என்பவற்றை ஓர் எழுத்து சொல்லாது. தேர்ச்சி அட்டையில் 'சி' என்று எழுதிவிட்டு அந்தப் பையனை முழுதும் அறிந்துவிட்டதாக எண்ணிய ஆசிரியர்களையும் நான் அறிவேன்.

'உண்ணாவிட்டால் என்ன நேரும்' என்று சொன்னேன். தாலிடோமைடு வரலாற்றைக் கேட்டுவிட்டு, கருவுற்றால் எம்மருந்தும் வேண்டா என்று முடிவு கட்டுவோர் உண்டு. அம்முடிவு முன்னதற்குக் குறையாத கேடு விளைப்பது. வலிப்பு நோயுள்ள பெண், கருவுற்றதை அறிந்ததும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுகிறாள். சில நாட்களில் வலிப்பு வந்து கிணற்றடியிலோ அடுப்படியிலோ விழுகிறாள். தாயும் கருவும் ஒருங்கே ஆபத்துக்குள்ளாகின்றனர். எங்கள் அமராவதியில் வந்து சேரும் பாம்பாறு தோன்றும் கேரள நாட்டில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் 1998-ம் ஆண்டு முதல் வலிப்பு நோயுடைய தாய்மாருக்கென்றே ஒரு பதிவேடு வைத்து, அவர்தம் மகப்பேற்றையும் குழந்தைகளையும் கவனித்து வருகின்றனர். வலிப்பு மருந்துகளுள் வால்புரோயேட்டு என்பதே கருவுக்கு மிகுந்த தீங்கு செய்வது என்பது அப்பதிவேட்டாலும் பிற நாட்டு ஆய்வுகளாலும் தெளிவாயிற்று. சாதாரணமாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கக்கூடும். வால்புரோயேட்டு உண்ட தாய்மாரின் குழந்தைகளில் அது 100-க்கு ஏறத்தாழ 10. அறிவு வளர்ச்சியும் குன்றக்கூடும். ஆனால் லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் முதலிய மாற்று மருந்துகள் உள்ளன. மாற்ற வேண்டிய காலம் கருவுறுவதற்கு முன். பெண்ணுக்கு மணம் பேசும்போது நாளும் கோளும் பார்க்கும் பெற்றோர், அவள் உண்ணும் மாத்திரையின் பெயரையும் ஒரு மருத்துவரிடம் காட்டலாம். நோயை மறைத்து மணம் முடிப்பதும், மறைப்பதற்காக மாத்திரையை நிறுத்துவதும் நம் ஊர்ப்புறத்தில் இல்லாதவையல்ல. அதனை விரித்துச் சொல்ல இன்று நேரமில்லை.

தைராய்டு மாத்திரையும் அத்தகையதே. நிறுத்தக் கூடாதது மட்டுமன்று, கர்ப்ப காலத்தில் அளவைக் கூட்டவும் நேரும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் அது உடலிற் சேராது. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது வேண்டும். இரத்த அழுத்தத்திற்கு எனாலப்ரில் உண்பவர், கருவுற்றால் உடனே மருத்துவரைக் கண்டு வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி ஒரு சொல். நாலாம் மாதம் முதல் 180 நாட்களும், பேற்றுக்குப் பின் 180 நாட்களும் நாள்தோறும் ஒன்று. 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் அடங்கியது. மலம் கறுக்கிறது, வயிறு பிடிக்கிறது, பிள்ளை பெருத்துவிடும் என்று அதைத் தென்னை மரத்தடியில் கொட்டுகிறார்கள். மரத்துக்குச் சோகை இல்லை என்று எங்கள் செவிலியர் கடிந்துகொண்டதைக் கேட்டிருக்கிறேன்.

2025 செப்டம்பரில், கர்ப்பிணிகள் பாராசிட்டமால் உண்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரக்கூடும் என்று அமெரிக்க ஆட்சித் தலைவரே அறிவித்தார். அச்செய்தி கைப்பேசிகள் வழியாக எங்கள் ஊர்த் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. அத்தொடர்பை உறுதி செய்யும் சான்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் உடனே விளக்கிற்று. ஸ்வீடன் நாட்டில் ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2024-ம் ஆண்டில் வெளியிட்டனர்; ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டபோது அத்தகைய தொடர்பு தென்படவில்லை. கடுங்காய்ச்சலைத் தணிக்காமல் விடுவதே கருவுக்குத் தீங்கு.

நாட்டு மருந்து தீங்கற்றது என்னும் நம்பிக்கையும் ஆராயத்தக்கது. சித்த மருத்துவத்தை நான் இகழவில்லை. பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவ நிலையங்களிலேயே இருக்கிறார்கள். நான் சொல்வது, சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் பொட்டலமாகக் கிடைப்பதை. 2011, 2012-ம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில் கர்ப்பிணிகள் 6 பேருடைய இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதைக் கண்டனர். இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளே காரணமென்று தெரிந்தது. ஈயம் தாயிடமிருந்து கருவுக்கும் செல்லும். பொட்டலத்திலும் பெயர் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இனிப் பாலூட்டும் தாய்மார். இங்கே நிலைமை பெரிதும் வேறு. தாய் உண்ணும் மருந்துகளில் பெரும்பாலானவை பாலில் மிகச் சிறிதளவே வருகின்றன. தாயின் எடைக்குரிய அளவோடு ஒப்பிட, 100-க்கு 10 பங்குக்குக் குறைவாகக் குழந்தைக்குச் சென்றால் பொதுவாகத் தீங்கில்லை என்பது மருத்துவர்கள் கொண்டுள்ள கணக்கு. முன்னர் நாம் அஞ்சிய ஐபுப்ரோஃபெனே, பேற்றுக்குப் பின் வலிக்குக் கொடுக்கத்தக்கதாகிவிடுகிறது. பாலில் அது வருவது அற்பம். மதகு மூட வேண்டிய காலமும் வந்துவிட்டது. காலம் மாறினால் அதே மாத்திரையின் குணமும் மாறுவதை இதில் காணலாம். காசநோய்க்கு மருந்துண்ணும் தாயும், தைராய்டு மாத்திரை உண்பவளும், இன்சுலின் போட்டுக்கொள்பவளும் பாலூட்டலாம். 'நீ மாத்திரை சாப்பிடுகிறாய், பால் கொடுக்காதே' என்று மாமியார் சொல்வதும், உடனே புட்டிப்பால் வாங்குவதும் பெரும்பாலும் தேவையற்ற செலவும் குழந்தைக்கு இழப்புமாகும்.

விலக்குகளும் உண்டு. புற்றுநோய் மருந்துகள், கதிரியக்க அயோடின் ஆகியவற்றின்போது பாலூட்டலாகாது. இருமல் மருந்திலும் வலி மருந்திலும் வரும் கோடீன், டிராமடால் ஆகியவற்றைப் பாலூட்டும் தாய் உண்ணலாகாது என்று 2017-ம் ஆண்டில் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. குழந்தைக்கு அவை மூச்சுத் தளர்ச்சியை உண்டாக்கக்கூடும். தாய் மருந்துண்ணும் நாட்களில் குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பெயரை அறிவது எப்படி? நான்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார். பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. நம் கைக்கு வருவது வெள்ளித்தாள். பெயருள்ள பக்கத்தை வெட்டித் தருமாறு கேட்கலாம். அல்லது ரசீதில் பெயரை எழுதி வாங்கலாம். 2018-ம் ஆண்டில் வந்த விதிப்படி, பொதுப்பெயரை வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். எழுத்து ஆங்கிலம்தான், எனினும் நம் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு அத்துணையும் இல்லை. அவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து தைக்கும் நம் பெண்கள் படித்துச் சொல்லலாம்.

ஆலையில் மாத்திரை கொடுப்போர், டப்பாவில் கொட்டி வைக்காமல் அட்டையோடு வைக்கட்டும். கொடுக்குமுன், தள்ளிப்போயிருக்கிறதா, பால் கொடுக்கிறாயா என்று ஒரு பெண் பணியாளரைக் கொண்டு தனியே கேட்கச் செய்யட்டும். இதற்கு ஆலை முதலாளிக்கு ஒரு காசும் செலவில்லை.

உண்ட மாத்திரையின் பெயரைத் தாய் சேய் நல அட்டையில் தேதியோடு குறித்து வைத்துக் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டலாம். தமிழ்நாட்டில் 104 என்னும் எண்ணை அழைத்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். மருந்தால் தீங்கு நேர்ந்ததென்று ஐயுற்றால், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் கட்டணமில்லா எண்ணான 1800 180 3024-க்கு நோயாளியே தெரிவிக்கலாம். அவர்கள் கேட்கும் விவரங்களுள் மருந்தின் பெயரும் ஒன்று.